நான்கு நாள் நீரில் கிடந்த மண்

மலையக இலக்கியம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் எழுத்தில் மண் வராத பக்கமே இல்லை எனலாம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையை நம்பி வந்தவர்களின் கதையே ஒரு மண் கதைதான். ஆனால் நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கதைகளில் வரும் மண் அன்று. ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு அச்சுக்குள் அடித்து இறுக்கி, நான்கு பகலும் நான்கு இரவும் தண்ணீருக்குள் போட்டு வைத்து, ஐந்தாம் நாள் வெளியே எடுத்து ஒரு தண்டினால் அழுத்திப் பார்க்கப்படும் மண். வீதி போடுகிறவர்கள், எத்தனை அங்குலம் கல்லும் சல்லியும் இட வேண்டும் என்பதை அந்த மண்ணிடம்தான் கேட்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அதற்குப் பெயர் கலிபோர்னியத் தாங்கு விகிதச் சோதனை. பொறியியலாளர்கள் சுருக்கமாக ‘சி.பி.ஆர்.’ என்பார்கள்.

ஹட்டனில் நின்றுகொண்டு கலிபோர்னியாவின் பெயரைச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான். அந்த வேடிக்கைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதற்கும் முன்னால், ஆய்வுகூடம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், நம்மவர்களின் கையும் காலும் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

1920களில் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகின. நேற்றுப் போட்ட வீதி இன்று பிளந்து கிடந்தது. கலிபோர்னிய மாநிலத்தின் நெடுஞ்சாலைப் பிரிவில் பணியாற்றிய ஓ. ஜே. போர்ட்டர் என்பவர், 1928, 1929ஆம் ஆண்டுகளில், பழுதடைந்த வீதிகளைத் தோண்டிப் பார்க்கும் வேலையில் இறங்கினார். நல்ல வீதியை விட்டுவிட்டுக் கெட்ட வீதியைத் தேடிப் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே தெரிந்த வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கீழே இருந்தது. சரியாக இறுக்கப்படாத மண், தண்ணீரைக் குடித்துக் கொழகொழத்து, சக்கரத்தின் பாரம் தாங்காமல் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. மேலே எவ்வளவு நல்ல கல்லை அடுக்கினாலும், கீழே பிதுங்குகிற மண் இருந்தால் அந்தக் கல் மெத்தைமேல் அடுக்கிய பாத்திரம் போலத்தான்.

ஆகவே மண்ணின் வலுவை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும் என்று போர்ட்டர் கருதினார். ஓர் இரும்புத் தண்டு. அதன் அடிப்பரப்பு மூன்று சதுர அங்குலம். அந்தத் தண்டை நிமிடத்துக்கு ஓர் அங்குலத்தின் இருபதில் ஒரு பங்கு என்ற ஆமை வேகத்தில் மண்ணுக்குள் அழுத்த வேண்டும். அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு ஆழம் இறங்குவதற்கு எவ்வளவு பாரம் வேண்டியிருந்தது என்று பார்க்க வேண்டும். நன்றாக உடைத்து இறுக்கிய தரமான கருங்கல்லுக்கு அந்த ஆழத்தில் 3,000 இறாத்தல் தேவைப்படும். அதை நூறு என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் மண்ணுக்கு 240 இறாத்தல் போதுமென்றால் அதன் எண் எட்டு. 90 இறாத்தலே போதுமென்றால் மூன்று. 90 இறாத்தல் என்பது நாற்பத்தொரு கிலோ; ஒரு மெலிந்த ஆளின் எடை. அந்தத் தண்டின் அடிப்பரப்போ ஒரு குதிகாலைவிடச் சற்றுச் சிறியது. ஈர நிலத்தில் குதிகாலை ஊன்றி, பதிகிறதா பதியவில்லையா என்று பார்க்கும் பழைய வழக்கத்தையே போர்ட்டர் கருவியாக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பொறியியலாளர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ தெரியாது.

தண்ணீரில் ஊறப்போடுவதுதான் இந்தச் சோதனையின் உயிர். காய்ந்த மண் யாரிடமும் வீரம் பேசும். வெயிலில் காய்ந்த களிமண் கட்டியைக் கல்லால் தட்டினால்தான் உடையும். அதையே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு மறுநாள் வந்து பாருங்கள். வீதியின் ஆயுளில் வரக்கூடிய மிக மோசமான நாளை ஆய்வுகூடத்திலேயே வரவழைத்துப் பார்ப்பதுதான் நான்கு நாள் ஊறலின் கருத்து. ஊறும்போது அச்சின் தலையில் எடைத் தட்டுகளையும் வைக்கிறார்கள். நாளை அந்த மண்ணுக்கு மேலே வரப்போகும் கல், சல்லி, தார் ஆகியவற்றின் பாரத்துக்குப் பதிலாக அந்தத் தட்டுகள். ஒரு சிறு கடிகார முள்ளைப் பொருத்தி, நான்கு நாளில் மண் எவ்வளவு உப்பியது என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

இதற்குப் பக்கபலமாக வந்தது இன்னொரு சோதனை. லொஸ் ஏஞ்சலஸ் நகரின் நீர் வழங்கல் துறையில் அணைக்கட்டு வேலை பார்த்த ரால்ப் புரொக்டர் 1933இல் வெளியிட்ட கருத்து அது. மண்ணை இறுக்குவதற்கும் ஒரு பதம் உண்டு என்றார் அவர். ரொட்டிக்கு மா பிசைகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் குறைந்தால் மா உதிரும். கூடினால் கையில் ஒட்டும். இடையில் ஓர் அளவு இருக்கிறது. மண்ணும் அப்படித்தான். ஐந்தரை இறாத்தல் சுத்தியலை ஓரடி உயரத்திலிருந்து விழவிட்டு, வெவ்வேறு ஈரத்தில் இறுக்கிப் பார்த்து, எந்த ஈரத்தில் மண் அதிகம் செறிகிறது என்று அவர் கண்டறிந்தார். அந்தப் பதத்தில் இறுக்கிய மண்ணைத்தான் போர்ட்டரின் அச்சில் ஊறவைக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் உள்ளூர்ச் சரக்காக இருந்த இதை உலகச் சரக்காக்கியது போர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் பொறியியல் படைக்கு, கனத்த குண்டுவீச்சு விமானங்கள் இறங்கும் ஓடுபாதைகளை அவசரமாகப் போட வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு நேரமில்லை. கையிலிருந்த முறைகளில் எளியதும் விரைவானதும் போர்ட்டரின் முறைதான் என்று அதை எடுத்துக்கொண்டு, விமானச் சக்கரங்களுக்கு ஏற்றபடி வரைபடங்களை நீட்டித்தார்கள். போர் முடிந்தபின் பிரித்தானியரும் எடுத்துக்கொண்டார்கள். வெப்ப வலய நாடுகளுக்காகப் பிரித்தானிய வீதி ஆராய்ச்சிக்கூடம் 1962இல் முதன்முதலாக வெளியிட்ட ‘வீதிக் குறிப்பு 31’ என்ற சிறு நூல், முன்னாள் குடியேற்ற நாடுகளின் வீதிப் பொறியியலாளர்களுக்குக் கிட்டத்தட்ட வேதமாயிற்று. அதன் நான்காம் பதிப்பு 1993இல் வந்தது. நமது வீதி அபிவிருத்தி அதிகார சபை, இலங்கைச் சூழலுக்கான வழிகாட்டி நூலை 1999இல் வெளியிட்டது. அதற்குள் கலிபோர்னியாவோ, தான் பெற்ற பிள்ளையைக் கைவிட்டு, பிரான்சிஸ் வீம் என்பவர் உருவாக்கிய வேறொரு சோதனைக்கு மாறிப்போயிருந்தது! பெயர் மட்டும் அதனுடையது. பிள்ளை வளர்ந்தது நம் போன்றவர்களின் வீட்டில்.

இனி ஆய்வுகூடத்தை விட்டு மலைக்கு வருவோம்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது மலைநாட்டுக்குச் சக்கரம் உருளும் வீதி கிடையாது. காட்டு வழிகளும் தவளம் என்று சொல்லப்பட்ட பொதிமாட்டுத் தடங்களும்தான். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. பதினாறு வயது இளைஞனாக அந்த வேலையில் இறங்கிய தோமஸ் ஸ்கின்னர், 1841இல் வீதி ஆணையாளராகி, 1867இல் ஓய்வு பெற்றார். அவர் போகும்போது இத்தீவில் ஏறத்தாழ 3,000 மைல் வீதி இருந்தது. கடுகண்ணாவையில் கப்டன் டோசனுக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. ஸ்கின்னருக்கு ‘இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்’ என்ற சுயசரிதை 1891இல் அச்சேறியது. கல் உடைத்தவனுக்கும் மண் வெட்டியவனுக்கும் கோபுரமும் இல்லை, சுயசரிதையும் இல்லை. கண்டி வீதியின் தொடக்க காலத்தில் அந்த வேலை இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பெயரால் சிங்களக் குடிமக்கள் தலையில் விழுந்தது. 1832இல் அது ஒழிக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டிய ‘பயோனியர்’ படை வீதி வேலையைச் சுமந்தது. 1848இல் வந்த வீதிச் சட்டமோ, ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழை அல்லது காசு கட்டு என்றது. அதே ஆண்டு மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இத்தகைய வரிகள் மூட்டிய கோபமும் ஒரு காரணமாகும்.

ஸ்கின்னர் காலத்து வீதிகளுக்குப் பின்னால் நின்ற சித்தாந்தம் ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் லவுடன் மக்கடமுடையது. மக்கடம் என்றால் உடைத்த கல் என்றுதான் நமக்கு நினைவு வருகிறது. அவருடைய உண்மையான கருத்து கல்லைப் பற்றியதே அல்ல. வண்டியின் பாரத்தைச் சுமப்பது கல்லன்று; அடியிலிருக்கும் மண். கல் செய்வதெல்லாம் அந்த மண்ணை நனையாமல் காப்பாற்றுவதுதான். மண் உலர்ந்திருக்கும்வரை எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பதே அவர் கட்சி. போர்ட்டர் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டிக் கண்டதும் அதைத்தான். மக்கடம் மண்ணை நனையவிடாதே என்றார். போர்ட்டர், அது நனைந்தே தீரும், நனைந்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே பார்த்துக்கொள் என்றார். வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்தச் சித்தாந்தத்தை மலைநாட்டில் நடைமுறையாக்கியது ஒரு மண்வெட்டி. தோட்டத்தில் ‘கான்’ வெட்டத் தெரிந்த கை அது. தேயிலை மலையின் குறுக்கே சரிவு பார்த்துக் கான் இழுப்பது சாதாரண வேலையன்று. சரிவு கூடினால் தண்ணீர் கானையே அறுத்துக்கொண்டு போய்விடும். குறைந்தால் மண் படிந்து அடைத்துக்கொள்ளும். வீதியின் மேட்டுப் பக்கத்தில் ஓடும் கானுக்கும் அதே கணக்குத்தான். அந்தக் கான் அடைபட்டால் தண்ணீர் வீதியின் வயிற்றுக்குள் இறங்கும். ஆய்வுகூடத்து நான்கு நாள் ஊறல் அங்கே நான்கு மாதமாக நடக்கும். கானைத் தூர் வாராமல் விட்டுவிட்டு மேலே எவ்வளவு தார் ஊற்றினாலும் பயனில்லை. இதை அறிந்து வைத்திருந்தவர்களின் பெயர்கள் பெரட்டுக் கணக்கில் வெறும் ‘பேர்’ எண்ணிக்கையாக மட்டுமே பதிவாயின. நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் அந்த மனிதர்களின் குரல்கூட நமக்கு எஞ்சியிராது.

ஹட்டனின் கதை இதற்குச் சற்றுப் பிந்தியது. கோப்பிக் காலத்தில் டிக்கோயா, திம்புள்ளைப் பக்கத்து விளைச்சலை மாட்டு வண்டிகள் கீழே கொண்டுபோயின. 1874இல் புகையிரதம் நாவலப்பிட்டி வரை வந்தது; 1884இல் ஹட்டனுக்கு ஏறியது; அடுத்த ஆண்டு நானுஓயாவைத் தொட்டது. அதற்குள் இலை நோய் கோப்பியைத் தின்று தீர்த்திருந்தது. 1869இல் தலைகாட்டிய நோய் அது. மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலையோ தினமும் பறித்துத் தினமும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வேண்டிய பயிர். ஆகவே ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு டிவிசனுக்கும் வண்டி போகும் பாதை தேவைப்பட்டது. அரசாங்க வீதிகளிலிருந்து பிரிந்து செல்லும் பாதைகளுக்குத் துரைமாரும் அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். கிளை வீதிகளுக்கென்றும் தோட்ட வீதிகளுக்கென்றும் தனித்தனிச் சட்டங்களே எழுந்தன. தோட்டத்துக்குள்ளே போன பாதை மட்டும் தோட்டத்தின் சொந்தச் சொத்தாக இருந்தது. அந்தப் பாதைகள் மாட்டு வண்டியை மனத்தில் கொண்டு வெட்டப்பட்டவை. இன்று அவற்றில் லொறி போகிறது.

அந்த வித்தியாசத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், இதற்கென்றே போட்ட வீதிகளில் இராணுவ லொறிகளை இரவு பகலாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரு மடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் இரு மடங்கல்ல, ஏறத்தாழப் பதினாறு மடங்கு என்பது அதிலிருந்து பிறந்த முடிவு. முச்சக்கர வண்டி ஆயிரம் முறை போனாலும் வீதி அதை உணராது. பாரமேற்றிய லொறி ஒன்று போய் வருவது அப்படியல்ல.

இப்போது ஹட்டன் மண்ணை அச்சுக்குள் வைத்துப் பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே இருக்கும் இந்தப் பகுதியின் பாறை மிகப் பழையது. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. கோடிக்கணக்கான ஆண்டு மழை அந்தப் பாறையை இருந்த இடத்திலேயே மக்கவைத்து மண்ணாக்கியிருக்கிறது. மேலே சிவந்த மண்; கொஞ்சம் தோண்டினால் பாறையின் கோடுகள் அப்படியே தெரியும், ஆனால் கையால் நசுக்கினால் மாவாகும். மினுமினுப்பான காக்காப்பொன் துகள் கலந்த இடங்களும் உண்டு. அந்த மண் உருளைக்கு அடியில் நெகிழ்ந்து கொடுத்து, மறுபடி எழும்பும். சரிவுகளின் அடிவாரத்திலோ, மேலேயிருந்து வழிந்து வந்த மண்ணும் உருண்டு வந்த கல்லும் கலந்து கிடக்கும். இவையெல்லாம் ஒரே மைல் நீளத்துக்குள் அடுத்தடுத்து வரும். சமவெளியில் ஒரு மைலுக்கு ஒரு குழி தோண்டி மண் எடுத்தால் ஓரளவு போதும். மலையில் ஒரு வளைவுக்கு ஒரு குழி வேண்டும்.

குறுக்கே பார்த்தாலும் இதே சங்கடம்தான். மலைச்சரிவில் வீதி வெட்டுகிறவர்கள், மேட்டுப் பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி, தட்டையாக்குகிறார்கள். ஆகவே ஒரே வீதியின் உள்பாதி, அசையாத மலையின்மேல் நிற்கிறது. வெளிப்பாதியோ கொட்டிய மண்ணின்மேல் நிற்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் மண்வெட்டியால் இழுத்துப் போட்ட அந்த வெளிப்பாதியை யார் புரொக்டரின் பதம் பார்த்து இறுக்கினார்கள்? நம் மலை வீதிகளில் நடுவே நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடுவதையும், பள்ளத்துப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருப்பதையும் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒரு வீதிக்குள் இரண்டு மண் இருக்கிறது என்பதே அந்த வெடிப்பு சொல்லும் செய்தி.

இங்கே ஆய்வுகூடத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இருந்த இடத்தில் மக்கிய மண்ணுக்கு, தாய்ப்பாறையிலிருந்து வந்த ஒரு பிணைப்பு இருக்கிறது. அதைக் கிளறி எடுத்து, சலித்து, அச்சில் போட்டு அடிக்கும்போது அந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. எனவே அச்சு தரும் எண், கொட்டி இறுக்கிய வெளிப்பாதிக்குத்தான் பொருந்தும். வெட்டப்பட்ட உள்பாதியைப் பற்றி அது நேரடியாகப் பேசாது. மண்ணை அடுப்பில் வைத்துக் காயவைத்துவிட்டுச் சோதிப்பதும் இத்தகைய வெப்ப வலய மண்ணின் குணத்தையே மாற்றிவிடக்கூடும். கலிபோர்னியாவில் நான்கு நாள் ஊறல் என்பது மோசமான நாளின் ஒத்திகை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்யும் வட்டவளையில் அது சாதாரண நாளின் ஒத்திகை என்று சொன்னால் மிகையாகாது.

வட்டவளையின் பெயரைச் சொன்னதும் சிலருக்கு 1992 ஜூன் மாதம் நினைவுக்கு வரும். நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையில், வட்டவளையில் மலைச்சரிவு நகர்ந்து புகையிரதப் பாதையைக் கொண்டுபோயிற்று. மலையகத்துக்கு ரயில் நின்றது. அதைச் சீர்செய்தவர்கள் மேலே பெரிய சுவர் எழுப்புவதைவிட, நிலத்தடியில் ஆழமாகத் துளையிட்டுத் தண்ணீரை வடியவைப்பதையே முக்கிய வழியாகத் தேர்ந்தார்கள். கான் வெட்டிய பாட்டன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். நிலத்துக்கு மேலே அவன் செய்ததை இவர்கள் நிலத்துக்குள் செய்தார்கள். ஒன்று மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். சி.பி.ஆர். சோதனை, சக்கரத்துக்கு அடியில் சில அடி ஆழத்து மண்ணைப் பற்றியது. மலை முழுவதும் நகருமா என்பதை அது சொல்லாது. அந்தக் கேள்விக்குத்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இலிருந்து மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வருகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக வீதிகளையும் புகையிரதப் பாதையையும் துண்டு துண்டாக்கியதையும் பார்த்தவர்களுக்கு, இரண்டு சோதனைகளும் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

எண்ணுக்கும் பணத்துக்கும் உள்ள உறவுதான் அடுத்தது. ‘வீதிக் குறிப்பு 31’ மண்ணை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது. எண் 2 என்றால் கடைசி வகுப்பு. 8 முதல் 14 வரை என்றால் நடுவகுப்பு. 30ஐத் தாண்டினால் முதல்தரம். கடைசி வகுப்பு மண்ணின்மேல் போடும் வீதிக்கு வேண்டிய மொத்தத் தடிப்பு, நடுவகுப்பு மண்ணுக்கு வேண்டியதைப்போல் இரு மடங்கையும் தாண்டிவிடும். அந்தத் தடிப்பெல்லாம் கல்லும் சல்லியும். மலைக்கு மேலே லொறியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியவை. ஆகவே மண்ணைச் சோதிக்காமல் வீதி போடுகிறவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். நல்ல மண்ணின்மேல் காசைப் புதைக்கிறார். அல்லது கெட்ட மண்ணின்மேல் மெல்லிய தார்ப் போர்வை விரித்து, திறப்பு விழா முடிந்த அடுத்த மழையில் அது கிழிவதைப் பார்க்கிறார். நம் ஊர்ப்பக்கம் எது அதிகம் என்பதை நேயர்களின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறேன்.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ‘ஏ 7’ வீதி ஏறத்தாழ 120 கிலோமீற்றர். அது தேசிய நெடுஞ்சாலை. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அத்தகைய வீதிகளுக்குச் சோதனையும் உண்டு, அறிக்கையும் உண்டு. அதிலிருந்து இறங்கித் தோட்டத்துக்குள் போகும் பாதையின் கதை வேறு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பாதை அது. அவர்களுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைத்த பிறகும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய லயத்துக்குப் போகும் வழியில் ஒரு கூடை சல்லி கொட்டவும் அந்தச் சபைக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டங்களோ இதற்கிடையில் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயிருந்தன. பாதை மட்டும் வெள்ளைக்காரத் துரை வெட்டிய அதே பாதை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்மாரை லொறியில் ஏற்றிக்கொண்டு போன பாதையும் அதுதான். மூன்று மைல் போக முக்கால் மணி நேரம் எடுத்தால் அதற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது.

2014இலிருந்து ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ‘ஐ ரோட்’ திட்டம் வந்தது. கிராமிய வீதிகள் பல மத்திய மாகாணத்திலும் ‘காபட்’ கண்டன. சில தோட்டங்களில் கொன்கிறீட் போட்டார்கள். கொன்கிறீட் பலகைபோல் நின்று பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதால் மெலிந்த மண்ணிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் பள்ளத்துப் பக்கத்து மண் கரைந்து பலகைக்கு அடியில் வெற்றிடம் விழுந்துவிட்டால் அதுவும் ஒரு நாள் நடுவில் முறியும்.

மண்ணை மூட்டை கட்டிக் கொழும்புக்கோ பேராதனைக்கோ அனுப்பி, நான்கு நாள் ஊறவைத்து, அறிக்கை வரும்வரை காத்திருப்பது ஒரு பிரதேச சபைக்கு எளிதல்ல என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கும் வழி இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 1950களில் தொடங்கி, தென்னாபிரிக்காவில் திருத்தம் பெற்று உலகெங்கும் பரவிய கூம்புக் கருவி ஒன்று உண்டு. நீண்ட இரும்புக் கம்பி, அதன் நுனியில் சுண்டுவிரல் தடிப்பைவிடச் சற்றுப் பெரிய கூம்பு, மேலே எட்டுக் கிலோ எடையுள்ள சுத்தியல். சுத்தியலை 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கூம்பு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து சி.பி.ஆர். எண்ணை ஓரளவு கணித்துவிடலாம். இரண்டு மூன்று பேர் போதும், மின்சாரம் வேண்டாம், கருவியைத் தோளில் சுமந்துகொண்டு எந்த மலைக்கும் ஏறலாம். ஓரிடத்தைச் சோதிக்கச் சில நிமிடங்களே பிடிக்கும். உள்பாதி மண்ணை அதன் இயற்கைப் பிணைப்போடு, இருந்த இடத்திலேயே விசாரிப்பதற்கும் இதுதான் வழி.

எங்கே அடிப்பது, எப்போது அடிப்பது என்பதில்தான் சாமர்த்தியம். பங்குனி வெயிலில் வீதியின் நடுவில் அடித்தால் எந்த மண்ணும் நல்ல எண்ணையே சொல்லும். ஒப்பந்தக்காரருக்கும் அதுவே இனிக்கும். ஆடி மழை ஒரு வாரம் கொட்டிய பிறகு, கான் அடைபட்டிருக்கும் ஒரு வளைவைத் தேர்ந்து, மேட்டுப் பக்கத்துச் சக்கரத் தடத்தில் ஒன்று, பள்ளத்துப் பக்கத்துச் சக்கரத் தடத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் அடிக்க வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பள்ளத்துப் பக்கத்து எண்ணுக்குத்தான் வீதியின் தடிப்பைக் கணக்கிட வேண்டும்.